காது போன பெயிண்ட் வாளி

வீட்டுக்குப் பெயிண்ட் அடித்து முடித்ததும் காலி வாளி யாருக்கு என்று பெயிண்டருக்கும் என் மனைவிக்கும் ஒரு சின்னப் பேரமே நடந்தது. கடைசியில் இரண்டு அவருக்கு, இரண்டு எங்களுக்கு. இரண்டும் 20 லிட்டர் வாளி. மொட்டைமாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மூன்று கோடை ஓடியது.

போன வைகாசியில் ஒருநாள் நிறைய நிரப்பிக்கொண்டு படியேறினேன். இன்னும் ஒரே படிதான் பாக்கி, 'டப்' என்றது. கையில் கம்பி மட்டும் இருக்கிறது. தண்ணீர் அத்தனை படியும் இறங்கி, கீழ்வீட்டு அக்கா போட்டிருந்த கோலத்தையும் கரைத்துவிட்டுப் போனது.

எடுத்துப் பார்த்தால் கம்பிக்கு ஒன்றுமில்லை. அது மாட்டியிருக்கிற காதுதான் விளிம்போடு பிய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் வெள்ளையாய் மாவு உதிர்கிறது, எல்லாம் வெயில் செய்த வேலை. சின்ன டியூபில் வருகிற உடனடிப் பசையை வாங்கி ஒட்டினேன். காலையில் தொட்டதும் மெழுகிலிருந்து உரிவதுபோல உரிந்தது. இன்னொரு டியூப் வாங்கினேன், அதுவும் போச்சு. அப்புறம்தான் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தது. பிளாஸ்டிக் என்ன ரகம் என்று சொல்கிற எண் அது, 5 என்றால் பாலிபுரொப்பிலீன். இந்த ரகத்தில் சாதாரணப் பசை பிடிக்காது.

சரி, ஒட்டுகிற யோசனையை விட்டேன். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வாளியைச் சுற்றி ஒரு பட்டை ஓடும், பார்த்திருப்பீர்கள். வாளியில் பலமான இடம் அதுதான். ஒரு ஆணியைக் குறடில் பிடித்து அடுப்பில் சுடவைத்து, பட்டைக்கு ஒட்டினாற்போல் கீழே ஓட்டை போட்டேன். தூக்கும்போது பளு மேலே இழுக்கும், பட்டை தாங்கிக்கொள்ளும். நைந்த பிளாஸ்டிக்கில் டிரில் போட்டால் விரிசல் விடும். சூட்டில் போட்ட ஓட்டையின் ஓரம் உருகித் தடித்துக்கொள்கிறது. (ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை நல்லதில்லை.) 6 மி.மீ. போல்ட், உள்ளே வெளியே அகலமான வாஷர், அதில் பழைய கம்பியையே வளைத்து மாட்டினேன். உடையாத பக்கத்துக்கும் அதையே செய்தேன். ஒரு காது போனால் மறு காதுக்கும் அதே வயசுதானே. இப்போது முக்கால் வாளிக்கு மேல் நிரப்புவதில்லை.

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர்

2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தருகிற ஏரிகள் வற்றியபோது, லாரி வந்ததும் எங்கள் தெருவே வாளியோடு ஓடும். ஒருநாள் எங்கள் வாளிக்குக் கைப்பிடி போக, அவசரத்துக்குக் கொத்தனார் கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டினேன். வாளி தாங்கியது, அம்மாவின் விரல்தான் தாங்கவில்லை, கோடு கோடாய்ச் சிவந்துவிட்டது. பழைய தோட்டக் குழாயில் ஒரு சாண் வெட்டி, நீளவாக்கில் கீறி, கம்பிமேல் மாட்டியதும்தான் அவர் முகம் தெளிந்தது.

திண்டுக்கல் பக்கத்திலிருந்து

ஒட்டுப்போட்ட வாளியைக் கிணற்றுக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள் அண்ணே. எங்களுடையது பாதிக் கிணற்றில் கழன்று விழுந்தது. பாதாளக்கரண்டிக்கு நாலு வீடு அலைந்து, அரை நாள் துழாவினோம். எங்கள் வாளி வரவில்லை, எவரோ எப்போதோ விட்ட தாமிரச் செம்பு வந்தது.

கும்பகோணத்திலிருந்து

சின்ன வயசில் எங்கள் தெருவுக்குக் குடம், பக்கெட் ஒட்டுகிறவர் ஒருவர் வருவார். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் தட்டைக் கம்பியைக் காய்ச்சி, உடைந்த இடத்தை இளக்கி, மேலே ஒரு துண்டு பிளாஸ்டிக்கை வைத்துத் தேய்ப்பார். பச்சைக் குடத்துக்கு இன்னொரு பச்சைக் குடத்தின் துண்டாகத் தேடுவது அழகுக்காக என்று நினைத்திருந்தேன். ரகம் ஒன்றாக இருந்தால்தான் இரண்டும் உருகிச் சேரும் என்பது இப்போதுதான் புரிகிறது. 5 என்றால் 5-ஓடுதான், 2 என்றால் 2-ஓடுதான்.

முதலில் எழுதியவர்

நேற்று அந்தப் பெயிண்டரை டீக்கடையில் பார்த்தேன். அவர் பங்கு வாளிகள் எப்படி என்று கேட்டேன். கொண்டுபோன அன்றே கம்பியைக் கழற்றிவிட்டு, பட்டைக்குக் கீழே ஓட்டை போட்டு நைலான் கயிறு கட்டிவிட்டாராம். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"அம்மா வாளி ரெண்டு குடுத்ததே பெரிசு சார்" என்றார்.