ஜப்பானிய மொழி: வாக்கியத்தில் படிப்பதா, தனித்தனியாகப் படிப்பதா?

வைகைக்கரை:
கான்ஜியை, அதாவது ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்தை, அட்டையில் தனியாக எழுதி மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டேன். 'க்யோ வா நிச்சியோபி தெஸ்', அதாவது இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்தச் சின்ன வாக்கியத்தில் சூரியனைக் குறிக்கும் ஒரே எழுத்து மூன்று முறை வருகிறது. முதலில் பக்கத்து எழுத்தோடு சேர்ந்து 'க்யோ', அடுத்து 'நிச்சி', கடைசியில் 'பி'. பட்டியலில் படித்தால் தலை சுற்றும். வாக்கியமாகச் சொன்னால் வாயில் ஒட்டிக்கொள்கிறது.

தேன்சிட்டு:
நானும் ஒரு வருடம் அப்படித்தான் படித்தேன், அப்புறம் என்4 என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் கோட்டை விட்டேன். 'மட்ஸு' காத்திருப்பது, 'மொட்ஸு' கையில் வைத்திருப்பது. இரண்டு எழுத்துக்கும் வலப்பக்கம் ஒன்றுதான், கோயிலைக் குறிக்கும் எழுத்து. இடப்பக்கத்தில் மட்டும் முன்னதற்கு நடை, பின்னதற்குக் கை. வாக்கியத்தில் ஸ்டேஷன் என்று வந்ததுமே காத்திருப்பது என்று ஊகித்துவிடுவேன், எழுத்தைப் பார்க்கவே மாட்டேன். அன்றாட எழுத்துகளே 2,136. உறுப்பு பிரித்துக் கையால் எழுதாமல் அவை மனதில் நிற்காது.

கடலோரம்:
இலக்கணத்துக்கு நான் வாக்கியத்தின் பக்கம். 'தபெதே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'கத்தே ஒகு' என்றால் வாங்கி வை. மிரு என்பது பார்ப்பதுதான், ஒகு என்பது வைப்பதுதான். ஆங்கிலம் வழியாகப் படித்தபோது எனக்குப் புரியவே இல்லை. தமிழில் சொல்லிப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

தேன்சிட்டு:
அதே ஒற்றுமை குழியிலும் தள்ளும். டோக்கியோவில் வசிக்கிறேன், டோக்கியோவில் வேலை செய்கிறேன்: நமக்கு இரண்டும் 'இல்'. அங்கே முதலாவதற்கு 'நி', அடுத்ததற்கு 'தே'. இருக்கும் இடம் 'நி', செயல் நடக்கும் இடம் 'தே'. ஒரு வரி விதி, படித்துவிட்டுப் போகலாமே?

வைகைக்கரை:
வசிப்பதும் செயல்தானே என்று அந்த விதியை நம்பி ஒரு மாதம் 'டோக்கியோ தே' என்றே எழுதினேன். நோட்டு முழுக்கச் சிவப்பு மை. 'டோக்கியோ நி ஸுந்தே இமாஸ்' என்று முழுசாக வாயில் ஏறிய பிறகுதான் தப்பு நின்றது. சரி, உங்கள் இரண்டு எழுத்துக்கும் ஒரு வாக்கியம் தருகிறேன்: 'நிமொட்ஸு ஒ மொத்தே, எகி தே மட்ஸு.' பையை வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் காத்திருக்கிறேன். இரண்டும் ஒரே வரியில் நிற்கும்போது எழுத்தைப் பார்க்காமல் தாண்ட முடியாது.

தேன்சிட்டு:
நல்ல வாக்கியம். இன்று ராத்திரியே எழுதுகிறேன், கையால், பத்து முறை. அதை மட்டும் விடமாட்டேன்.