நீள்வட்டம் வரைவதும் திருத்துவதும்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பூங்கா வரைவாளர்

நகராட்சிப் பூங்கா ஒன்றுக்கு வரைபட வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் நீள்வட்டப் புல்தரை. நீளம் 60 மீட்டர், அகலம் 40 மீட்டர். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், வடிவங்கள் வரைவதற்கான 'ஷேப் டிஜிட்டைசிங்' பட்டையைத் திறந்து, மையத்தையும் இரண்டு புள்ளிகளையும் காட்டினேன். ஒரு நிமிடத்தில் முடிந்தது.

மறுநாள் பொறியாளர் வந்து, "நீளத்தை மட்டும் 66 ஆக்கிடுங்க, அகலம் அப்படியே இருக்கட்டும்" என்றார். சின்ன வேலைதானே என்று மூலைப் புள்ளிகளை நகர்த்தும் வெர்டெக்ஸ் கருவியை எடுத்து, ஒரு முனையைப் பிடித்து 3 மீட்டர் இழுத்தேன். அந்த ஒரு புள்ளி மட்டும் மூக்குபோல நீட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துப் புள்ளிகள் அசையவே இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். வளைவு என்று நான் நினைத்திருந்த இடமெல்லாம் குட்டிக் குட்டி நேர்கோடுகள். வரைந்து முடித்த கையோடு, அது நீள்வட்டம் என்பதையே மென்பொருள் மறந்துவிடுகிறது. அதன் கணக்கில் அது பல மூலைகள் கொண்ட ஒரு பாலிகன், அவ்வளவுதான். ஸ்கேல் கருவியை முயன்றேன். நீளத்தோடு அகலமும் சேர்ந்து பெருகியது. கடைசியில் அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தேன்.

எனக்குத் தெளிவு வந்தது கணினியில் இல்லை, களத்தில். மேஸ்திரி தரையில் அதே நீள்வட்டத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு முளை அடித்து, கயிற்றின் இரு நுனிகளையும் முளைகளில் கட்டி, நடுவில் ஒரு குச்சியைக் கொடுத்து, கயிறு தொய்யாமல் இழுத்துப்பிடித்தபடி சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே நடந்தார். பள்ளிக்கூடத்தில் படித்த குவியங்கள்தான் அந்த முளைகள். 66க்கு 40 என்றால் முளைகளுக்கு இடையே 52.5 மீட்டர், கட்டியபின் கயிறு சரியாக 66 மீட்டர். அளவு மாறினால் அவர் கோட்டைத் திருத்துவதில்லை. முளையை நகர்த்திக் கட்டி, கயிற்றை மாற்றிக்கொள்கிறார்.

அன்றிலிருந்து நானும் கோட்டைச் சேமிப்பதில்லை. மையத்தைப் புள்ளி அடுக்கில் வைத்து, அரை நெட்டச்சு (நீளத்தில் பாதி), அரைக் குற்றச்சு (அகலத்தில் பாதி), அசிமுத் (நெட்டச்சு வடக்கிலிருந்து எத்தனை பாகை திரும்பியிருக்கிறது) என்று மூன்று நெடுவரிசைகள். ஸ்டைலில், எண்களிலிருந்து வடிவத்தை வரைந்து காட்டும் 'ஜியோமெட்ரி ஜெனரேட்டர்' போட்டு, 'மேக் எலிப்ஸ்' சார்புக்கு அந்த மூன்றையும் கொடுத்துவிட்டால் போதும். அட்டவணையில் 30ஐ 33 ஆக்கினால் படம் அந்த இடத்திலேயே மாறுகிறது.

இன்னொரு சிக்கல் பில் நேரத்தில் வந்தது. ஒப்பந்ததாரரின் பரப்பு 2073.45 சதுர மீட்டர். நான் 'மேக் எலிப்ஸ்' வழியாக எடுத்த பரப்பு 2062.94. "பத்தரை சதுர மீட்டர் புல் எங்கே போச்சு?" என்று என்னிடம் கேட்டார்கள். ஒப்பந்ததாரர்மேல் சந்தேகம் வந்துவிட்டது, பாவம். அவர் கணக்கில் பிழையே இல்லை. 33, 20 இரண்டையும் பெருக்கி, பை (π) மதிப்பாலும் பெருக்கியிருந்தார். பிழை என் பக்கம். அந்தச் சார்பு நாம் எதுவும் சொல்லாவிட்டால் 36 துண்டுகளாகத்தான் வெட்டும். துண்டுகள் வளைவுக்கு உள்ளேயே நிற்பதால் பரப்பு அரை சதவீதம் குறையும். எத்தனை பெரிய நீள்வட்டமானாலும் அதே விகிதம். 360 என்று கொடுத்தேன், 2073.35 வந்தது. அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன்.

போஸ்ட்ஜிஐஎஸ் பயனர்

முளையும் கயிறும் படித்ததும் மனசு நிறைந்தது, அண்ணா. என் கதை சென்னையில். போஸ்ட்ஜிஐஎஸ் என்ற வரைபடத் தரவுத்தளத்தில் நீள்வட்டத்துக்கென்று தனிச் சார்பு இல்லை. ஒரு புள்ளியைச் சுற்றி வட்டத்தை பஃபர் சார்பில் செய்து, ஸ்கேல் செய்து, சுழற்றி, இடம் மாற்ற வேண்டும். நான் அந்த வட்டத்துக்கு, அது இருக்கிற இடத்திலேயே, கிழக்கு மேற்கில் 1.1 மடங்கு ஸ்கேல் கொடுத்தேன். அடுக்கு காலி! தேடிப் பார்த்தால் 42 கிலோமீட்டர் தள்ளி வங்கக் கடலில் கிடக்கிறது. ஸ்கேல் என்பது ஆயப் புள்ளி 0,0விலிருந்து பெருக்குகிறது. யூடிஎம் 44 வடக்கு என்ற மீட்டர் ஆய முறையில் சென்னையின் கிழக்கு ஆயம் சுமார் 4,20,000. அதைப் பெருக்கினால் 4,62,000. அதனால் முதலில் 0,0வில் 1 மீட்டர் ஆர வட்டம், அதை இரண்டு அச்சுக்கும் நீட்டல், பிறகு சுழற்றல், கடைசியில்தான் இடமாற்றம். இந்த வரிசையைக் கலைக்கவே கூடாது.

சுழற்றலிலும் கவனம் வேண்டும். அசிமுத் வடக்கிலிருந்து கடிகாரத் திசையில்; போஸ்ட்ஜிஐஎஸ்ஸின் சுழற்றல் சார்போ எதிர்த் திசையில், அதுவும் ரேடியனில். சுழற்றும் முன் நெட்டச்சு கிழக்கு நோக்கி இருந்தால், 90லிருந்து அசிமுத்தைக் கழித்துக் கொடுங்கள். பஃபர் கால் வட்டத்துக்கு 8 துண்டு, மொத்தம் 32தான் வெட்டும், அண்ணாவின் 36ஐவிடக் குறைவு. அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கோள் வரைபட மாணவி

நான் செவ்வாய்த் தரையிறங்கு நீள்வட்டங்களை வரைகிறேன். 2012இல் கியூரியாசிட்டி இறங்கிய கேல் பள்ளத்துக்கான நீள்வட்டம் சுமார் 20க்கு 7 கிலோமீட்டர். இவை முழு அச்சுகள். 'மேக் எலிப்ஸ்' கேட்பது அரை அச்சுகள். நான் 20ஐயும் 7ஐயும் அப்படியே போட்டதால் பரப்பு நான்கு மடங்காகி, பள்ளத்தின் நடுவில் இருக்கும் ஷார்ப் மலையின் சரிவுவரை போய்விட்டது. அங்கே இறக்கவா பார்ப்பார்கள் என்று வழிகாட்டி கேட்ட பிறகுதான் பிழை தெரிந்தது. எந்த அறிக்கையிலிருந்து எண்ணை எடுத்தாலும் முழு அச்சா அரை அச்சா என்று முதலில் பார்க்கிறேன்.

சந்திரயான்-3இன் விக்ரம் இறங்கிய இடத்தில் வேறு பாடம். அது நிலவின் 69.37 பாகை தெற்கில் இருக்கிறது. நிலவில் அட்சரேகை ஒரு பாகைக்கு 30.3 கிலோமீட்டர்; அந்த இடத்தில் தீர்க்கரேகை ஒரு பாகைக்கு 10.7தான். பாகை ஆயத்தில் அழகான வட்டம் வரைந்து, துருவ வீழலில் (துருவத்தை மையமாக வைத்த வரைபடத்தில்) திறந்தேன். மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கு நசுங்கி நின்றது. மீட்டரில் இருக்கும் ஆய முறைக்கு மாறிய பிறகு வரையுங்கள், அக்கா அண்ணன்மாரே.

கேட் வரைவாளர்

ஆட்டோகேட் வரைவு மென்பொருளில் உண்மையான நீள்வட்டமே இருக்கிறது, பெல்லிப்ஸ் (PELLIPSE) என்ற அமைப்பின் மதிப்பு 0 என்றால். 1 என்றால் துண்டுகளைக் கோத்த பாலிலைன். ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ என்ற வரைபட மென்பொருளின் ஜியோடேட்டாபேஸும் வளைவைக் காப்பாற்றும். ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவத்துக்கு மாற்றினீர்களோ, போச்சு. அதில் வளைவுக்கு இடமே இல்லை.

ஒரு கேள்வி. பழைய ஷேப்ஃபைலில் கிடக்கும் நீள்வட்டங்களை மறுபடி எண்களாக மாற்ற முடியுமா?

பூங்கா வரைவாளர்

முடியும். நான் செய்தது இது. முதலில் சென்ட்ராய்டு (வடிவத்தின் நடுப்புள்ளி) எடுத்தேன், அதுதான் மையம். பிறகு மூலைப் புள்ளிகளைப் பிரித்தெடுக்கும் 'எக்ஸ்ட்ராக்ட் வெர்டிசஸ்' ஓட்டி, ஒவ்வொரு புள்ளிக்கும் மையத்திலிருந்து தூரம் கணக்கிட்டேன். அதிகபட்ச தூரம் அரை நெட்டச்சு, குறைந்தபட்சம் அரைக் குற்றச்சு. அந்தத் தூரப் புள்ளியின் அசிமுத்தே சாய்வு. புள்ளிகளின் எண்ணிக்கை நான்கால் வகுபட்டு, அவை அச்சு முனைகளில் உட்கார்ந்திருந்தால்தான் துல்லியமாக வரும். யாராவது வெர்டெக்ஸைக் கையால் நகர்த்தியிருந்தால் வராது.

முன்பு 60க்கு 40 என வரைந்ததன் திருத்தாத நகலில் முயன்றேன். 30, 20 என்று வந்தது. அதிலிருந்து முளை இடைவெளியைக் கணக்கிட்டேன், 44.72 மீட்டர். மேஸ்திரியிடம் காட்டினேன். முதல் நாள் தான் அடித்த முளைகள் அந்தத் தூரத்தில்தான் என்றார்.