லினக்ஸ் சர்வரில் கடவுச்சொல் விதி: ஊர்ப்பெயர்களை எப்படித் தடுப்பது?

கல்குளத்தான்:
வணக்கம். தக்கலைக்கு அருகிலுள்ள ஒரு கல்லூரி ஆய்வகத்தில் டெபியன் சர்வர் ஒன்றைப் பராமரிக்கிறேன். கடவுச்சொல்லின் வலுவைச் சோதிக்கும் பிடபிள்யூகுவாலிட்டி தொகுதியை நிறுவி, குறைந்தது பத்து எழுத்து, நான்கு வகைக் குறிகளும் (பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், சிறப்புக் குறி) கட்டாயம் என்று விதித்துள்ளேன். ஆயினும் மாணவர்கள் 'குமரி' என்பதை ஆங்கிலத்தில் பெரிய எழுத்துடன் தொடங்கி, ஓர் '@' குறியையும் 123ஐயும் சேர்த்து எளிதில் தப்பிவிடுகிறார்கள். போதாததற்கு, ஆய்வக உதவியாளர் முழு அதிகாரம் கொண்ட ரூட் கணக்கிலிருந்து கடவுச்சொல்லை மாற்றித் தரும்போது எந்த விதியும் செல்லுபடியாவதில்லை. என்ன செய்யலாம்?

வேளிமலை:
இரண்டுக்கும் வழி உண்டு, ஐயா. ரூட் பயனர் மாற்றும்போது அத்தொகுதி எச்சரிக்கை மட்டும் காட்டிவிட்டு ஏற்றுக்கொள்வதே இயல்பான அமைப்பு. எட்ஸி/செக்யூரிட்டி அடைவிலுள்ள அதன் அமைவுக் கோப்பில் 'என்ஃபோர்ஸ்_ஃபார்_ரூட்' என்ற வரியைச் சேர்த்தால் ரூட்டுக்கும் மறுப்பு விழும். ஊர்ப்பெயர்கள் தப்புவதற்குக் காரணம், எளிதில் ஊகிக்கக்கூடிய சொற்களா என்று அத்தொகுதி ஒப்பிட்டுப் பார்க்கும் கிராக்லிப் அகராதியில் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களே இருப்பது. அதே கோப்பில் 'பேட்வேர்ட்ஸ்' என்ற வரியில் குமரி, தக்கலை, மார்த்தாண்டம் முதலியவற்றை, மாணவர்கள் எழுதும் ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே இடைவெளி விட்டு எழுதுங்கள். நாகர்கோவிலுக்குப் புழக்கத்தில் உள்ள எல்லா எழுத்துக்கூட்டல்களையும் தரவேண்டும். நான்கு எழுத்துக்குக் குறைந்த சொற்களை அது கண்டுகொள்ளாது. கடவுச்சொல்லின் நடுவில் அச்சொல் வந்தாலும் பிடிபடும் என்பதால் 'குமரி' ஒன்றே கன்னியாகுமரியையும் சேர்த்துத் தடுத்துவிடும்.

நான்கு வகைக் குறிகளை வற்புறுத்துவதைவிட நீளத்தை 14 ஆக்குவதே மேல் என்பது என் கருத்து. நான்கு வகை கேட்டால் எல்லோரும் ஒரே வகையில் '@123' என்றுதான் முடிப்பார்கள்.

குழித்துறை வாசி:
ஒன்றைச் சேர்க்கிறேன். ஏற்கெனவே உள்ள கடவுச்சொற்கள், அவற்றைச் சேமிக்கும் ஷேடோ கோப்பில் மூலச்சொல் தெரியாதபடி மாற்றிய ஹாஷ் வடிவில் மட்டுமே இருப்பதால் புதிய விதி அவற்றைத் தொடாது. கடவுச்சொல்லின் காலக்கெடுவை அமைக்கும் 'சேஜ் -டி 0' கட்டளையை ஒவ்வொரு மாணவர் கணக்குக்கும் கொடுத்தால் அடுத்த முறை நுழையும்போது மாற்றியே தீரவேண்டும். கிரான் பணிகள் (குறித்த நேரத்தில் தானாக இயங்குபவை) ஓடும் கணக்குகளுக்கு மட்டும் அதைக் கொடுத்துவிடாதீர்கள். கடவுச்சொல் காலாவதியானதாகக் கருதப்பட்டு அப்பணிகள் நின்றுபோகும்.

கல்குளத்தான்:
இருவருக்கும் நன்றி. 90 நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றவேண்டும் என்று நிர்வாகம் கேட்கிறது. அதையும் இதிலேயே செய்யலாமா?

வேளிமலை:
செய்யலாம், ஆனால் பரிந்துரைக்க மாட்டேன். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட 800-63பி வழிகாட்டியே, கசிந்ததற்குச் சான்று இல்லாமல் கால இடைவெளி வைத்து மாற்றச் சொல்லவேண்டாம் என்கிறது. அதை நிர்வாகத்துக்குக் காட்டிப் பாருங்கள். அப்படியும் வற்புறுத்தினால், கணக்குகளின் இயல்பு அமைவுகள் உள்ள லாகின்.டெஃப்ஸ் கோப்பில் 90 என்று எழுதுவது புதிதாக உருவாக்கும் கணக்குகளுக்கே பொருந்தும் என்பதால், இப்போதுள்ள கணக்குகளுக்கு 'சேஜ் -எம் 90' (எம் என்பது பெரிய எழுத்து M) கட்டளையைத் தனித்தனியே கொடுக்கவேண்டும்.