அருங்காட்சியகப் பயிற்சியை வகுப்பறைக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி:
வணக்கம். எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். அருங்காட்சியகம் ஒன்றில் ஆசிரியர்களுக்கு நடந்த ஒருநாள் பயிற்சியில் காட்சிப் பேழைகளைச் சுற்றிக் காட்டினார்களே தவிர, அவற்றைக் கொண்டு குடிமையியலை எவ்வாறு கற்பிப்பது என்று சொல்லவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1:
ஒரே சான்றை எடுத்து ஆழமாகச் செல்லுங்கள். உத்திரமேரூரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, ஊர்ச் சபைக்கு உறுப்பினராக நிற்பவரின் வயதை 30 முதல் 60 வரை என்கிறது. 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அதையே 35 முதல் 70 வரை என்று மாற்றுகிறது. இரண்டே ஆண்டுகளில் விதியை ஏன் திருத்தினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் சபைக்கு நடந்த குடவோலைத் தேர்தலைப் போலவே, நான் மண்குடத்தில் பெயர் எழுதிய ஓலை நறுக்குகளை இட்டு, வகுப்பிலேயே இளைய மாணவனை எடுக்கச் சொன்னேன். கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது என்ற விதியைப் படித்ததும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பதில் 2:
அந்தச் சபையில் யாருக்கு இடமில்லை என்பதையும் அவசியம் பேசுங்கள். அது நிலமுடைய பிராமணர்களின் சபை; பெண்கள் அதில் இல்லை. அதை மறைத்துவிட்டு மக்களாட்சி என்று மட்டும் பெருமை பேசுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். கீழடிப் பானையோட்டில் கீறப்பட்டுள்ள ‘ஆதன்’ என்ற பெயரை அருகில் வைத்தால், எழுத்து யார் கையில் இருந்தது என்ற கேள்வியும் எழும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. திங்கட்கிழமையே குடத்துடன் தொடங்குகிறேன்.