அப்பா கேமராவும் ரெண்டு பென்சில் செல்லும்

நான்: மாமா, அப்பா கேமரா மறுபடியும் படுத்துகிறது. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்ட செல். ரெண்டே படம், பேட்டரி தீர்ந்தது என்று சொல்லி அணைந்துவிட்டது. நாளைக்கு அம்மா தேயிலைக் கொழுந்தெடுக்கும் கடைசி நாள்.

சித்தி (கோவை): போனில் எடுத்தால் ஆகாதா கண்ணு?

நான்: போனிலும் எடுப்பேன் சித்தி. அப்பா கேமராவில் ஒன்றாவது வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை.

மாமா (போடி): எடுத்துடலாம் பாப்பா. செல் எத்தனை வோல்ட் காட்டுகிறது?

நான்: லயத்து (தோட்டக் குடியிருப்பு) எலக்ட்ரீசியன் அண்ணன் மீட்டர் வைத்துப் பார்த்தார். ஒன்று 1.32, இன்னொன்று 1.31.

மாமா (போடி): அப்போ செல் காலி இல்லை. ரீசார்ஜ் செல்லுக்குக் கணக்கே 1.2 வோல்ட்தான், சாதா செல்லுக்கு 1.5. கேமரா வோல்ட்டை வைத்துத்தான் சார்ஜைக் கணிக்கும். லென்ஸ் மோட்டார் ஓடும்போதும் ஃபிளாஷ் ஏறும்போதும் கரண்டை நிறைய இழுக்கும். செல் தொடும் தகட்டில் அழுக்கு இருந்தால் அந்த நேரம் வோல்ட் இறங்கிவிடும். தீர்ந்துவிட்டது என்று கேமரா நினைத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து படம் அனுப்பு.

நான்: 📷

மாமா (போடி): மூடித் தகட்டைப் பார், சாம்பல் பூத்த மாதிரி. மூணாறு ஈரம்! ரப்பரால் தேய். துகள் உள்ளே விழாமல் கேமராவைக் கவிழ்த்துப் பிடி. செல் முனைகளையும் தேய்.

அண்ணன் (கொச்சி): மெனுவில் பேட்டரி வகை இருக்கிறதா பார். சில கேமராவில் இருக்கும்.

நான்: ஆல்கலைன் என்று இருந்தது! ரீசார்ஜ் செல்லுக்கு மாற்றிவிட்டேன் அண்ணா.

நான்: தகடு பளபள என்று ஆகிவிட்டது. ஃபிளாஷோடு 23 படம் எடுத்தேன், எச்சரிக்கையே வரவில்லை 🙏

மாமா (போடி): சரி. இன்னொன்று, காலைக் குளிரில் செல் சோர்ந்துவிடும். கழற்றி ஸ்வெட்டர் உள்பையில் வை. சாவி, சில்லறை கூட இருக்கக் கூடாது, உரசினால் ஷார்ட் ஆகும். மலை ஏறினதும் கேமராவில் போட்டுக்கொள்.

சித்தி (கோவை): அக்காவை அந்தப் பச்சை ஸ்வெட்டர் போடச் சொல்லு.

*மறுநாள்*

நான்: 📷 எடை போடும் இடத்தில் அம்மா.

சித்தி (கோவை): விரல் நுனிக் கொழுந்துக் கறைகூடத் தெரிகிறது. அழுதுவிட்டேன்.

மாமா (போடி): பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவருகிறேன். கேமராவைப் பெட்டியில் வைக்கும் முன் செல்லைக் கழற்றிவிடு பாப்பா.

நான்: கழற்றியாச்சு மாமா ❤️