தடித்த சாய்வு எழுத்துரு: சாய்த்ததும் வளைவுகள் கோணலாவது ஏன்?

கேள்வி: தலைப்புகளுக்காக ஒரு தடித்த தமிழ் எழுத்துரு வரைந்திருக்கிறேன். கோட்டுத் தடிமன் 180 அலகு (எழுத்துரு வரையும் கட்டத்தின் சிறு அளவு). அதை 12 டிகிரி சாய்த்தால் 'ட' பரவாயில்லை; 'ம', 'ழ' எல்லாம் ஒரு பக்கம் வீங்கித் தெரிகின்றன. என்ன செய்வது?

பதில் 1: வெறுமனே சாய்த்தால் அப்படித்தான் வரும். நேர்க்கோடு 180லிருந்து 176 ஆகும், கண்ணுக்குத் தெரியாது. வளைவில்தான் வம்பு: மேல்வலமும் கீழிடமும் சுமார் 200க்குத் தடிக்கும், மேலிடமும் கீழ்வலமும் 162க்கு மெலியும். மெல்லிய எழுத்தில் இது மறைந்துவிடும், தடித்ததில் காட்டிக்கொடுக்கும். சாய்த்ததும் வளைவின் நான்கு பக்க உச்சிகளில் புதுக் கட்டுப்புள்ளிகள் (கோட்டின் வடிவைத் தீர்மானிப்பவை) சேர்த்து, பழையவற்றை நீக்குங்கள். பிறகு உள்வளைவை மட்டும் நகர்த்தித் தடிமனைச் சமன் செய்யுங்கள். வெளிக்கோட்டைத் தொட்டால் எழுத்தின் அகலமே மாறிவிடும்.

பதில் 2: மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளியை மறக்காதீர்கள். எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டிலிருந்து 700 அலகு உயரத்தில் இருக்கும் புள்ளி 149 அலகு வலப்பக்கம் போகும். 'க்' போன்ற எழுத்தின் புள்ளி அடுத்த எழுத்தின் மேற்பகுதியில் முட்டக்கூடும். அப்படி முட்டும் இணைக்குத் தனி இடைவெளி கொடுங்கள். எழுத்துருக் கோப்பில் சாய்வுக் கோணத்தை -12 என்று எழுத வேண்டும், வலச்சாய்வுக்குக் குறை எண்தான்.

பதில் 3: பத்திகளுக்கு இதைப் போட்டுவிடாதீர்கள். சின்ன அளவில் 'ழ'வின் உள்ளே இருக்கும் வெற்றிடம் அடைத்துக்கொள்ளும். சுவரொட்டி, அட்டைத் தலைப்பு, விளையாட்டுச் செய்தி: அங்கேதான் இதற்கு வேலை.