பருவப் பூக்களைக் கொண்டு திருமண அலங்காரம்: பூவின் பெயரை உறுதி சொல்லாமல் வேலையை ஒப்புக்கொள்வது எப்படி?

முல்லைக்கொடி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் உதவியாளர் எவரும் இன்றித் தனியாகத் திருமணப் பூ வேலை செய்து வருகிறேன். வீட்டை ஒட்டிய ஓர் அறையும் ஒரு சிறிய குளிர்பெட்டியும்தான் என் வேலையிடம். அருகிலுள்ள பண்ணைகளில் அந்தந்தப் பருவத்தில் பூப்பவற்றைக் கொண்டே அலங்காரம் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். நெடுந்தூரம் குளிர்ப் பெட்டிகளில் வந்து சேரும் பூக்களிடம் மணமும், தண்டின் இயல்பான வளைவும் பெரும்பாலும் காணப்படுவதில்லை. அவை இரண்டும் இல்லாத பூச்செண்டைக் கட்டுவதில் எனக்கு நிறைவும் இல்லை.

என் சிக்கல் இதுதான். மணமக்கள் எட்டு, பத்து மாதங்களுக்கு முன்பே வந்து, கைப்பேசியில் சேர்த்து வைத்திருக்கும் படங்களைக் காட்டுகிறார்கள். அவற்றில் பாதிக்கு மேல் அடுக்கிதழ்ப் பெரும்பூவான பியோனிதான். திருமணமோ கோடையின் இறுதியில். வசந்தத்தின் கடைசியிலும் கோடையின் தொடக்கத்திலும் சில வாரங்களே பூக்கும் பூவை அப்போது எங்கே தேடுவது? ‘கிடைக்காது’ என்று சொன்னால் அவர்கள் முகம் வாடுகிறது. ‘வேறு பூ வைக்கலாம்’ என்றால் தரம் குறைந்த ஒன்றைத் தலையில் கட்டுவதாக எண்ணுகிறார்கள். இவர்களிடம் எப்படிப் பேசுவது, ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது, எந்தப் பூவை நம்பித் திட்டமிடுவது என்பதைப் பற்றி அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

நீர்வாளி எழுதிய பதில்:

வணக்கம். பியோனி வேண்டும் என்று கேட்பவரிடம் உடனே பூவைப் பற்றிப் பேசாமல், ‘இந்தப் படத்தில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?’ என்று முதலில் கேளுங்கள். இதழ்கள் அடுக்கடுக்காகத் திரண்டிருப்பது என்பார் ஒருவர். அந்த வெளிர் இளஞ்சிவப்பு என்பார் இன்னொருவர். செண்டு இறுக்கமாகக் கட்டப்படாமல், தோட்டத்திலிருந்து அப்போதுதான் அள்ளி வந்ததைப் போல் இருப்பது என்பார் மற்றொருவர். இவை மூன்றும் வெவ்வேறு விருப்பங்கள். மூன்றையும் கோடை இறுதியின் பூக்களால் நிறைவேற்ற முடியும். அடுக்கு இதழுக்கு டேலியாவும் லிசியாந்தஸும் தோட்டத்து அடுக்கு ரோஜாவும் இருக்கின்றன. நிறத்தை ஏறத்தாழ எல்லாப் பருவத்திலும் அமைத்துவிடலாம். நெகிழ்வான தோற்றத்துக்குக் காஸ்மோஸ், ஸ்காபியோசா, மெல்லிய புற்கதிர்கள் ஆகியவை பியோனியை விடவும் பொருத்தமானவை.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, நான் பூவின் பெயரை உறுதிமொழியாக எழுதுவதில்லை. என் ஒப்பந்தத்தில் உள்ள பத்தியை அப்படியே தருகிறேன், வேண்டுமானால் மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்: ‘இத்திட்டத்தில் குறிப்பிட்டுள்ள நிறக்குடும்பம், ஒவ்வோர் அலங்காரத்தின் அளவு, வடிவம், எண்ணிக்கை ஆகியவை உறுதி செய்யப்படுகின்றன. பூக்களின் பெயர்கள் அந்தப் பருவத்தில் எதிர்பார்க்கப்படுபவற்றுக்கான எடுத்துக்காட்டுகள் மட்டுமே. வானிலையாலோ விளைச்சலாலோ ஒரு பூ கிடைக்காதபோது, அதே நிறமும் அதே மதிப்பும் உடைய வேறு பூவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வடிவமைப்பாளருக்கு உண்டு.’ இந்தப் பத்தியைக் கையெழுத்துக்கு முன் நானே வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். ‘அதே மதிப்பும்’ என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். மலிவான பூவை மாற்றி வைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தைப் போக்குவது அதுதான்.

திட்டத்தையும் பூவின் வேலையை வைத்தே எழுதுகிறேன்: கண்ணை நிறுத்தும் பெரிய பூ, உயர்ந்து நிற்கும் கதிர்ப்பூ, இடைவெளியை நிரப்பும் நடுத்தரப் பூ, அசைந்தாடும் நுண்பூ, தழை. கதிர்ப்பூ என்ற இடத்தில் டெல்ஃபினியம் வராவிட்டால் ஸ்னாப்டிராகன் வரும். நுண்பூ என்ற இடத்தில் ஜிப்சோஃபிலா வராவிட்டால் ‘அம்மி’ (Ammi) என்னும் வெண்ணிற நுண்பூ வரும். செண்டின் எலும்புக்கூடு மாறுவதில்லை. கையில் ஏந்தும் நடுத்தரச் செண்டுக்குத் தழை உட்பட 30 முதல் 40 தண்டுகள் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குகிறேன்; உடைவதும் வாடுவதும் எப்போதும் இருக்கும்.

இன்னொன்று. ஒவ்வொரு மாதமும் நீங்கள் செய்த வேலைகளின் படங்களை மாதவாரியாகத் தனித்தனிக் கோப்புகளில் சேர்த்து வையுங்கள். கோடை இறுதியில் மணம் செய்வோரிடம் அந்த மாதத்தின் கோப்பை மட்டும் காட்டுங்கள். இணையத்திலிருந்து எடுத்த படங்களைக் கலந்து காட்டினால், நீங்களே கிடைக்காத பூவுக்கு ஆசையைத் தூண்டியவராகிவிடுவீர்கள். விழா மாலையிலோ இரவிலோ நடக்குமா என்பதையும் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்; மஞ்சள் விளக்கொளியில் கருநீலமும் ஊதாவும் மங்கிப் பின்வாங்கும், வெள்ளையும் வெளிர் நிறங்களும் முன்னுக்கு வரும்.

பண்ணைவாசி எழுதிய பதில்:

நான் வெட்டுப்பூ பயிரிடுபவன். எந்தப் பூவை நம்பித் திட்டமிடுவது என்ற கேள்விக்கு மட்டும் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எல்லாப் பூக்களும் ஒரே காரணத்தால் பருவத்துக்கு வருவதில்லை. பியோனிக்கும் டியூலிப்புக்கும் குளிர்காலத்தின் நீண்ட குளிர் தேவை. அதன் பின் வரும் வெப்பம்தான் அவற்றை மலரச் செய்கிறது. ஆகவே வெதுவெதுப்பான வசந்தம் வந்தால் அவை ஒரு வாரமோ அதற்கு மேலோ முந்திக்கொள்ளும், குளிர் நீடித்தால் பிந்தும். சாமந்தியினங்களில் பெரும்பாலானவை இரவு நீள்வதைக் கொண்டு மொட்டு விடுகின்றன. இரவின் நீளம் ஆண்டுதோறும் மாறாது என்பதால் அவற்றின் காலம் பெருமளவுக்கு நிலையானது. ஜின்னியா, காஸ்மோஸ் போன்ற ஓராண்டுப் பயிர்களை விதைப்பு நாளைக் கொண்டே பெரும்பாலும் கணக்கிடலாம்; ஜின்னியா விதைத்து ஏறத்தாழ 60 முதல் 75 நாள்களில் வெட்டுக்கு வரும். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை அடுத்தடுத்து விதைப்பவரிடம் அது கோடை முழுவதும் கிடைக்கும். டேலியா கோடையின் நடுவிலிருந்து முதல் உறைபனி வரை பூக்கும்; அந்த உறைபனி ஒரே இரவில் வயல் முழுவதையும் கருக்கிவிடும்.

எனவே வெப்பத்தை நம்பி மலரும் பூவை ஒரு குறிப்பிட்ட தேதிக்கு யாரிடமும் உறுதி சொல்லாதீர்கள். நாங்களே அதை உறுதி சொல்வதில்லை. திருமண நாள் முடிவானதும், நாங்கள் விதைக்கும் முன்பே, வேண்டிய நிறங்களையும் தண்டுகளின் தோராயமான எண்ணிக்கையையும் தெரிவியுங்கள். முந்திய வாரம் தொலைபேசியில் அழைத்துக் கேட்பவருக்கு மீந்திருப்பதைத்தான் தர முடியும். விதைப்புக்கு முன் சொன்னவருக்காக ஒரு பாத்தியையே ஒதுக்கி வைக்க முடியும். நிறத்தை மட்டும் சொல்லிவிட்டு, அன்று வயலில் சிறந்திருப்பதை வாளிக் கணக்கில் வாங்கிக்கொள்ளும் வடிவமைப்பாளர்களுக்கு நான் எப்போதும் மிக நல்லதையே எடுத்து வைக்கிறேன்.

வெட்டும் நிலையைப் பற்றியும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் உங்கள் நாள்காட்டியே அதைச் சார்ந்திருக்கிறது. டேலியாவை மொட்டாக வெட்டினால் அது பின்னர் மலராது. முக்கால் பங்குக்கு மேல் விரிந்த பிறகே வெட்டுகிறோம், அதனால் திருமணத்துக்கு ஓரிரு நாள் முன்புதான் வாங்க வேண்டும். பியோனி இதற்கு நேர்மாறானது. விரலால் அழுத்தும்போது மெத்தென்று அமுங்கும் மொட்டாக வெட்டி, தண்ணீரில் வைக்காமல், காகிதத்தில் சுற்றி, உறைநிலைக்குச் சற்று மேலே உள்ள குளிரில் வைத்தால் சில வாரங்கள் தாங்கும். பியோனிப் பருவத்துக்கு மூன்று நான்கு வாரங்களுக்குள் வரும் திருமணமானால் இந்த வழி கைகொடுக்கும். கோடை இறுதிக்கு அதை நம்ப வேண்டாம். ஜின்னியாவைப் பூவுக்கு ஒரு சாண் கீழே பிடித்து மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். தண்டு விறைப்பாக நின்றால் வெட்டலாம், கழுத்துத் துவண்டால் அது வாளியில் நிற்காது. ஹெல்லபோரை மகரந்தத் தாள்கள் உதிர்ந்து விதைப்பை திரளத் தொடங்கிய பின்னரே கைச்செண்டுக்குப் பயன்படுத்துங்கள், அதற்கு முன் வெட்டியது சில மணி நேரத்தில் தலை கவிழும்.

தண்டும் இலையும் எழுதிய பதில்:

நீர்வாளி அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். எந்தப் பூவின் பெயரையும் உறுதி சொல்ல மாட்டேன் என்பது எல்லாருக்கும் பொருந்தாது. சிலருக்கு ஒரு பூ மறைந்த தாயின் நினைவாக இருக்கும், அல்லது அவர்கள் முதன்முதலில் சந்தித்த நாளோடு இணைந்ததாக இருக்கும். அவரிடம் ‘அதே நிறத்தில் வேறு பூ’ என்று சொல்வது சரியன்று. ஒரு திருமணத்துக்கு ஒரே ஒரு பூவைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள்; அதற்கு மாற்றாக இரண்டு பூக்களை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லி அதையும் எழுதி வாங்குங்கள். அந்த ஒரு பூ பருவத்தில் இல்லாவிட்டால், கைச்செண்டுக்கு மட்டும் வேண்டிய நான்கைந்து தண்டுகளை வெளியிலிருந்து வரவழைப்பதால் உங்கள் கொள்கை கெட்டுவிடாது. மற்ற அனைத்தும் உள்ளூர் வயலிலிருந்து வந்தவைதாமே?

பருவத்தோடு வேலை செய்பவர்கள் பூவை மட்டும் தேடிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. 1929-இல் லண்டனில் பூக்கடை தொடங்கிய பூ அலங்காரக் கலைஞர் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை, கேல் கீரை இலைகளையும் காய்களையும் வேலியோரக் கொடிகளையும் உயர்குடியினரின் அலங்காரங்களில் துணிந்து வைத்தார். 1937-இல், முடிதுறந்த பிரிட்டன் மன்னரான வின்ட்சர் கோமகனின் திருமணத்துக்குப் பூ அலங்காரம் செய்தவரும் அவரே. பூ குறைந்த வாரங்களில் விதைக்காய், பழக்கொத்து, நிறம் மாறிய இலை, மொட்டுடன் கூடிய கிளை ஆகியவற்றால் விழா நடக்கும் இடத்தின் ஓர் அலங்கார வளைவையே நிறைத்துவிட முடியும். அவற்றை நிரப்பியாகக் கருதாமல் வடிவமைப்பின் முதல் பொருளாக எடுத்துப் பாருங்கள். பருவம் அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

தண்டுகளைக் குத்தி நிறுத்தப் பயன்படும் பச்சை நிறப் பூப்பஞ்சையும் விட்டுவிடப் பரிந்துரைக்கிறேன். அது சிதைந்து நுண்நெகிழித் துகள்களாக மாறும் செயற்கைப் பொருள். பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதற்குத் தடை விதித்தது. உருண்டையாகச் சுருட்டிய கம்பி வலையும், கென்ஸான் எனப்படும் ஆணித்தட்டும், நிறைய தண்ணீரும் போதும். காஸ்மோஸ் போன்ற மென்தண்டுப் பூக்கள் பஞ்சில் குத்தும்போதே மடங்கிவிடுகின்றன, தண்ணீரில் நின்றால்தான் அவற்றுக்கு உயிர்.

முல்லைக்கொடி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு பூவுக்கு மட்டும் பெயர் சொல்லி, அதற்கு இரண்டு மாற்றுகளை எழுதி வாங்கும் முறையை அடுத்த சந்திப்பிலேயே கையாளப் போகிறேன். இன்னும் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. என் குளிர்பெட்டியில் எல்லா வாளிகளும் கொள்ளாது. கோடை வெப்பத்தில் எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது? கடைசி இரண்டு நாள்களை எப்படிப் பகிர்ந்துகொள்வது?

நீர்வாளி:

ரோஜா, லிசியாந்தஸ், ஸ்வீட் பீ, தழை ஆகியவற்றுக்கு 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் உகந்தது. பெட்டியில் அவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். ஜின்னியா கடுங்குளிரில் கருகும். ஆர்க்கிட், ஆந்தூரியம் போன்ற வெப்பமண்டலப் பூக்களும் 10 டிகிரிக்குக் கீழே கெட்டுவிடும். அவற்றை வெயிலும் காற்றோட்டமும் படாத, இருண்ட, சுவர் குளிர்ந்த அறையில் விடுங்கள். குளிர்பெட்டியில் பழங்களை ஒருபோதும் வைக்காதீர்கள். பழுக்கும் கனி வெளியிடும் எத்திலீன் வாயுவால் ஸ்வீட் பீயும் டெல்ஃபினியமும் கார்னேஷனும் ஓரிரவில் உதிரவோ சுருங்கவோ செய்யும். வாடிய இலைகளையும் அதே காரணத்துக்காக உடனே அகற்றுங்கள்.

திருமணம் சனிக்கிழமை என்றால், ரோஜாவும் லிசியாந்தஸும் புதன்கிழமையே வரட்டும். விரிவதற்கு அவற்றுக்கு நேரம் வேண்டும். டேலியாவும் காஸ்மோஸும் வியாழன் மாலையோ வெள்ளி விடியலிலோ வெட்டப்பட்டவையாக வர வேண்டும். வந்தவுடன் கூரிய கத்தியால் தண்டைச் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் களைந்து, சோப்பிட்டுக் கழுவிய வாளியில் குறைந்தது நான்கு மணி நேரமாவது தண்ணீர் குடிக்க விடுங்கள். அழுக்கு வாளியில் பெருகும் நுண்ணுயிர்கள் தண்டின் குழாய்களை அடைத்துவிடும். கோடையில் பூ வாடுவதற்கு வெப்பத்தை விட இதுவே பெரும்பாலும் காரணம். துவண்ட ஹைட்ரேஞ்சியாவின் தலையை அரை மணி நேரம் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தால் மீண்டும் நிமிரும். நார்சிசஸ் மட்டும் தனி வாளியில் சில மணி நேரம் நிற்கட்டும், அதன் வழவழப்பான சாறு மற்றப் பூக்களைக் கெடுக்கும். பிறகு தண்டை மறுபடி வெட்டாமல் கலக்க வேண்டும்.

மேசை அலங்காரங்களையும் பெரிய கலங்களையும் வெள்ளிக்கிழமை பகலில் தண்ணீரிலேயே கட்டி முடித்துவிடுங்கள். கைச்செண்டை அன்று மாலை கட்டி, தண்டுகளைத் தண்ணீரில் நிறுத்துங்கள். சட்டையில் குத்தும் சிறு பூக்களுக்குத் தண்ணீர் இல்லை என்பதால் அவை சனிக்கிழமை காலை வரை காத்திருக்கட்டும். அவற்றில் டேலியாவையோ ஹைட்ரேஞ்சியாவையோ வைக்காதீர்கள், மாலை வரை தாங்காது. தனியாக வேலை செய்பவர் வளைவு அலங்காரத்தை விழா நடக்கும் இடத்தில்தான் கட்ட வேண்டியிருக்கும். அதற்கு மட்டும், அந்த ஒரு காலைக்கு, சம்பளத்துக்கு ஒருவரை அமர்த்திக்கொண்டு, அந்தச் செலவை முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.